எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு வைட்டமின் மாத்திரை ஏன் வாழ்நாள் முழுக்க?

அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகியிருக்கும். எடை நன்றாக இறங்கியிருக்கும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் போட்ட மாத்திரைகள் குறைந்திருக்கும், சிலருக்கு நின்றே போயிருக்கும். நடந்தால் மூச்சு வாங்குவதில்லை, முழங்கால் வலியும் தணிந்திருக்கும். வைட்டமின் மாத்திரையைப் பலர் கைவிடுவது இந்தச் சமயத்தில்தான். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, இனி எதற்கு?" என்று தோன்றுவது இயல்பு.

ஆனால் சத்துக் குறைபாடு உடம்புக்குள் தொடங்குகிற நாள் வேறு, அது வெளியே தெரிகிற நாள் வேறு. இரண்டுக்கும் நடுவே உள்ள காலம் ஒரு சத்துக்குச் சில வாரங்கள், இன்னொரு சத்துக்குச் சில வருடங்கள். அந்த இடைவெளி முழுக்க ஆள் நன்றாகவே இருப்பார். ஆகவே உடம்பு எப்படி இருக்கிறது என்பதை வைத்து மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாது. இதை ஒருவர் புரிந்துகொண்டாலே பாதி ஆபத்து விலகிவிடும் என்று நான் நம்புகிறேன். மீதியை விளக்கப் பார்க்கிறேன்.

வயிற்றுக்குள் என்ன மாறுகிறது

இன்று அதிகம் செய்யப்படுபவை இரண்டு. ஒன்று ஸ்லீவ் அறுவை சிகிச்சை. இதில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் வெட்டி எடுக்கப்பட்டு, நீளமான குழாய் போன்ற பகுதி மட்டும் மிஞ்சும். உணவு போகும் பாதை மாறுவதில்லை. மற்றொன்று பைபாஸ். இதில் இரைப்பையின் மேற்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை ஒன்றை அமைத்து, அதை நேராகச் சிறுகுடலின் கீழ்ப்பகுதி ஒன்றோடு இணைத்துவிடுவார்கள். மீதி இரைப்பையும் சிறுகுடலின் முதல் பகுதியும் உள்ளேயே இருக்கும், ஆனால் உணவு அந்த வழியாகப் போகாது. இவை தவிர டியோடினல் ஸ்விட்ச் என்ற வகையும் உண்டு. அதில் உணவு சந்திக்கும் குடலின் நீளம் இன்னும் வெகுவாகக் குறைவதால் குறைபாடுகளும் கூடுதல்.

இரும்பும் கால்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கத்தில், அதாவது பைபாஸில் உணவு தொடாமல் போகும் அதே இடத்தில். ஸ்லீவில் பாதை மாறவில்லையே, அப்படியானால் கவலை இல்லையா? இருக்கிறது. இரைப்பை அமிலம் குறைகிறது, பி12 உறிஞ்சப்படத் தேவையான புரதம் சுரக்கும் பகுதியில் பெரும்பங்கு போய்விடுகிறது, சாப்பிடும் அளவும் சுருங்குகிறது. புளித்த ஏப்பத்துக்காகச் சில மாதம் தரப்படும் அமிலம் குறைக்கும் மாத்திரையும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

"நல்ல சாப்பாடாகத் தேர்ந்தெடுத்துச் சாப்பிட்டால் போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. சில வாய் சாப்பிட்டதும் வயிறு நிறையும் நிலையில், அந்த இடத்தை முதலில் புரதத்துக்குத்தான் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது பொதுவான இலக்கு. அதற்கே இடம் சரியாகப் போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. பலர் அறுவை சிகிச்சைக்குப் போகும்போதே குறைபாட்டோடுதான் போகிறார்கள். உடல் பருமன் என்றால் சத்து மிகுதி என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் வைட்டமின் டி கொழுப்புத் திசுவுக்குள் தங்கிவிடுவதால் ரத்தத்தில் அதன் அளவு குறைந்தே காணப்படும். பருமனோடு வரும் லேசான, நீடித்த அழற்சி இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். நீண்ட காலம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கு பி12 குறைந்திருக்கலாம். அதனால் ரத்தப் பரிசோதனை அறுவை சிகிச்சைக்கு முன்பே ஒரு முறை நடக்க வேண்டும். இருக்கும் குறையைச் சரிசெய்துவிட்டு அறுவை சிகிச்சை மேஜைக்குப் போவதே சரியான வரிசை.

வாரக்கணக்கில் தீர்வது: தயமின்

வைட்டமின் பி1 எனப்படும் தயமின் உடம்பில் மொத்தமாக 25 முதல் 30 மில்லிகிராம்தான் இருக்கும். உள்ளே வருவது நின்றால் இரண்டு மூன்று வாரங்களில் அது தீர்ந்துவிடும். அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் சில மாதங்களில் திரும்பத் திரும்ப வாந்தி எடுப்பவர் ஏறக்குறைய எதையுமே உள்ளே வைத்திருப்பதில்லை. மாத்திரையும் வாந்தியோடு வெளியே போய்விடும்.

மூளை சர்க்கரையை எரிபொருளாகப் பயன்படுத்த தயமின் கட்டாயம் வேண்டும். அது தீர்ந்தால் வருவது வெர்னிக்கே மூளைப் பாதிப்பு. கண்கள் நிலையில்லாமல் துடிப்பது, பார்வை இரண்டாகத் தெரிவது, தள்ளாட்டம், குழப்பம் ஆகியவை அதன் அடையாளங்கள். இவை எல்லாமே சேர்ந்து வரும் என்று காத்திருக்கக் கூடாது, ஒன்று தெரிந்தாலே போதும். சிகிச்சை தாமதமானால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

குடும்பத்தில் உள்ளவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தொடர் வாந்தியோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் உடனே குளுக்கோஸ் கலந்த டிரிப் ஏற்றுவது வழக்கம். தயமின் தீர்ந்த உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மிஞ்சியிருக்கும் கொஞ்சமும் செலவாகி நிலைமை மோசமாகக்கூடும். அதனால் "இவருக்கு எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது, இத்தனை நாளாக வாந்தி, தயமின் கொடுக்க வேண்டுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களுக்கு அறுவை சிகிச்சை விவரம் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்பதில் தயங்க எதுவும் இல்லை.

சாதாரண நாட்களில் இதைத் தடுப்பது சுலபம். தினமும் குறைந்தது 12 மில்லிகிராம், முடிந்தால் 50 முதல் 100 மில்லிகிராம் தயமின் கிடைக்குமாறு ஒரு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எடுத்தால் போதும். மது அருந்துபவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடும்.

வருடக்கணக்கில் தீர்வது: பி12

தயமினுக்கு நேரெதிர் பி12. கல்லீரலில் சில வருடங்களுக்குப் போதுமான அளவு சேமிப்பு இருக்கும். ஆக, மாத்திரையை நிறுத்தியவருக்கு முதல் வருடம் ஒன்றுமே ஆகாது. இரண்டாவது வருடமும் ஒன்றும் தெரியாமல் போகலாம். "நான் நிறுத்தி இரண்டு வருடம் ஆயிற்று, பார், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று அவர் மற்றவர்களுக்கும் சொல்லத் தொடங்குவார். அந்தப் பேச்சைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன்.

இரைப்பைக்கும் பி12க்கும் உள்ள உறவை வெளிக்கொண்டுவந்தவர் வில்லியம் காசில் என்ற அமெரிக்க மருத்துவர். 1920களில், கொடிய ரத்தசோகை (பி12 உடம்பில் சேராததால் வருவது) நோயாளிகளுக்கு வெறும் இறைச்சி கொடுத்தால் பயனில்லை என்று பார்த்தார். அப்புறம் தானே இறைச்சியைச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தன் வயிற்றிலிருந்து அதை வெளியே எடுத்து, பக்குவப்படுத்தி, குழாய் வழியாக நோயாளிகளுக்குச் செலுத்தினார். அவர்களுக்கு ரத்தம் ஊறத் தொடங்கியது. ஆரோக்கியமான இரைப்பை எதையோ சுரக்கிறது, அது இல்லாமல் இறைச்சியில் உள்ள மருந்து உடம்பில் சேர்வதில்லை என்பது அவர் முடிவு. அந்தச் சுரப்புதான் நாம் மேலே பார்த்த புரதம். அது பி12ஐப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கூட்டிச் செல்கிறது, உறிஞ்சுதல் அங்கேதான் நடக்கிறது. ஸ்லீவில் அந்தப் புரதம் குறைகிறது. பைபாஸில் அது உணவோடு சரியாகச் சேர்வதில்லை.

சரி, அப்படியானால் வாய்வழி மாத்திரை எப்படி வேலை செய்கிறது? அளவு பெரிதாக இருந்தால், அந்தப் புரதத்தின் துணை இல்லாமலே சுமார் நூறில் ஒரு பங்கு தானாக உள்ளே நுழைந்துவிடும். 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் நூறில் ஒரு பங்கு 10 மைக்ரோகிராம். ஒரு நாளைக்குத் தேவையோ 2.4 மைக்ரோகிராம்தான். தினமும் 350 முதல் 1000 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது மாதம் ஒரு முறை 1000 மைக்ரோகிராம் ஊசி என்று பரிந்துரைப்பதன் கணக்கு இதுதான். சாதாரண மல்டிவைட்டமினில் இருக்கும் சில மைக்ரோகிராம் இந்த வேலைக்கு ஆகாது.

பி12 குறைந்தால் களைப்பு, ரத்தசோகை, நாக்கில் எரிச்சல், கைகால் விரல்களில் மரத்துப்போதல், நடையில் தடுமாற்றம், மறதி எல்லாம் வரும். ரத்தசோகை சரியாகிவிடும். நரம்புப் பாதிப்பு நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் முழுதாகத் திரும்பாது. ஃபோலிக் அமிலத்தை மட்டும் பெரிய அளவில் எடுத்துக்கொண்டிருந்தால் ரத்தசோகை மறைந்து, நரம்புச் சேதம் மட்டும் சத்தமில்லாமல் தொடரலாம். ஃபோலிக் அமிலம் தேவைதான், தினமும் 400 முதல் 800 மைக்ரோகிராம். ஆனால் பி12ஐயும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

இரும்பு

மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு, குறிப்பாக பைபாஸ் செய்தவர்களுக்கு, இதுதான் பெரிய தலைவலி. ரத்தசோகை வரலாறு இல்லாத ஆண்களுக்குத் தினம் 18 மில்லிகிராம் போதும் என்பார்கள். மாதவிடாய் உள்ள பெண்களுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் வேண்டியிருக்கும். இது தனி இரும்பின் அளவு. மாத்திரைப் பட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் உப்பின் எடை. 325 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட்டில் இரும்பு சுமார் 65 மில்லிகிராம்தான். பட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஹீமோகுளோபின் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைபவர்கள் பலர். ஆனால் ஹீமோகுளோபின் குறைவது கடைசிக் கட்டம். அதற்கு வெகு முன்பே சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டின் இறங்கிவிடும். அழற்சி இருந்தால் ஃபெர்ரிட்டின் பொய்யாக உயர்ந்தும் காட்டும் என்பதால் அதோடு இரும்பின் மற்ற அளவுகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பனிக்கட்டியை மெல்ல வேண்டும் என்று அடங்காத ஆசை வந்தால் அதை விசித்திரமான பழக்கம் என்று விடாதீர்கள். இரும்புக் குறைவின் அடையாளம் அது.

வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்பட உதவும். தேநீரும் காபியும் தடுக்கும். எவ்வளவு மாத்திரை போட்டும் ஏறவில்லை என்றால் நரம்பு வழியாக இரும்பை ஏற்றும் வழி இருக்கிறது. மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் மலச்சிக்கலோடு போராடுபவர்களும் மருத்துவரிடம் இதைக் கேட்கலாம்.

கால்சியமும் வைட்டமின் டியும்

வருமானம் குறைந்த வீடு நகையை ஒவ்வொன்றாக அடகு வைத்து மாதச் செலவைச் சமாளிப்பது போல, கால்சியம் வராத உடம்பு எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கிறது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. ரத்தக் கால்சியம் அளவு சரியாகவே வரும். அதனால்தான் கால்சியம் மட்டும் பார்த்தால் போதாது, வைட்டமின் டியும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்க்க வேண்டும். அந்த ஹார்மோன் உயர்ந்திருந்தால் எலும்பு கரையத் தொடங்கியிருக்கலாம்.

ஸ்லீவ், பைபாஸ் செய்தவர்களுக்கு உணவிலிருந்து கிடைப்பதையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். டியோடினல் ஸ்விட்ச் என்றால் 1800 முதல் 2400. ஒரே நேரத்தில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் உடம்பு சரியாக ஏற்பதில்லை, ஆகவே பிரித்துத்தான் போட வேண்டும். கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் தேவை, அதனால் அதை உணவோடுதான் எடுக்க வேண்டும். சிட்ரேட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அமிலம் குறைந்த வயிற்றுக்கு அதுவே பொருந்தும். இங்கேயும் பட்டையைக் கவனியுங்கள்: சிட்ரேட்டின் எடையில் கால்சியம் ஐந்தில் ஒரு பங்குதான், கார்பனேட்டில் 40 சதவீதம். வைட்டமின் டி 3000 யூனிட் தினமும் என்று தொடங்கி, ரத்த அளவு ஒரு மில்லிக்கு 30 நானோகிராமைத் தாண்டும்படி கூட்டிக் குறைப்பார்கள்.

மற்றவை

வைட்டமின் ஏ, ஈ, கே மூன்றும் கொழுப்போடு சேர்ந்து உறிஞ்சப்படுபவை. டியோடினல் ஸ்விட்ச் செய்தவர்களுக்கு இவை முக்கியம், மற்றவர்களுக்கு நல்ல மல்டிவைட்டமினே பொதுவாகப் போதும். மங்கிய வெளிச்சத்தில் பார்வை குறைந்தால் வைட்டமின் ஏ பார்க்க வேண்டும்.

துத்தநாகம் குறைந்தால் ருசி மங்கும், புண் ஆறத் தாமதமாகும், முடி கொட்டும். ஆனால் முடிக்காகத் தனியாகத் துத்தநாகம் வாங்கிப் போடுபவர்கள் கவனிக்க: அது கூடினால் தாமிரம் உறிஞ்சப்படுவது குறையும். தாமிரக் குறைவு ரத்தசோகையும் நடைத் தடுமாற்றமும் கொண்டுவந்து, பார்ப்பதற்கு பி12 குறைவு போலவே இருக்கும். 8 முதல் 15 மில்லிகிராம் துத்தநாகத்துக்கு 1 மில்லிகிராம் தாமிரம் என்ற விகிதம் காக்கப்பட வேண்டும்.

முடி கொட்டுவது பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், பலரை அது மிகவும் வருத்துகிறது. மூன்றாவது மாதத்திலிருந்து கொட்டுவது பெரும்பாலும் வேகமான எடை இழப்பால் வருவது, தானாகவே நிற்கும், முடி திரும்பவும் முளைக்கும். ஒரு வருடம் ஆகியும் நிற்கவில்லை என்றால் இரும்பு, துத்தநாகம், புரதம் மூன்றையும் பார்க்க வேண்டும். முடிக்காகப் பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை எடுப்பவர்கள் ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது தைராய்டு முதலிய சில பரிசோதனைகளின் முடிவைத் திரித்துவிடும்.

ஒரு நாளில் எப்படிப் பிரிப்பது

இரும்பும் கால்சியமும் குறைந்தது இரண்டு மணி நேரம் விலகி இருக்க வேண்டும். மல்டிவைட்டமினில் இரும்பு இருந்தால் அதற்கும் இதே விதிதான். காலை உணவோடு மல்டிவைட்டமின், முற்பகலில் ஒரு கால்சியம், பிற்பகலில் இன்னொன்று, தூங்கப் போகும் முன் தனி இரும்பு என்று வைத்துக்கொண்டால் மோதல் இல்லை. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதற்கும் கால்சியம், இரும்பு இவற்றுக்கும் இடையே நான்கு மணி நேரம் விட வேண்டும். இது சிக்கலாகத்தான் இருக்கும். அலைபேசியில் நினைவூட்டல் வைத்து ஒரு மாதம் கடந்துவிட்டால் பழகிவிடும்.

முதல் சில வாரங்களில் மெல்லும் மாத்திரையோ திரவமோ எடுங்கள். மெல்ல மெல்லக் கரையும் வகை மாத்திரைகள் மாறிய குடல் பாதைக்குப் பொருந்தாது. மிட்டாய் போன்ற கம்மி வகைகளை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பலவற்றில் இரும்பே இருக்காது, மற்ற சில சத்துகளும் விடுபட்டிருக்கும்.

குழந்தை பெறும் எண்ணம் உள்ள பெண்களுக்கு

எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், சில சமயம் எதிர்பாராமலே. எடை வேகமாக இறங்கும் முதல் 12 முதல் 18 மாதங்கள் கர்ப்பத்துக்கு உகந்த காலமல்ல. பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு முறை பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். கருத்தரிக்கத் திட்டமிடும்போது ஃபோலிக் அமிலத்தின் அளவைக் கூட்டுவார்கள். வைட்டமின் ஏ ரெட்டினால் வடிவில் அதிகமானால் கருவுக்குக் கெடுதல், ஆகவே பீட்டா கரோட்டின் வடிவத்துக்கு மாற்றுவார்கள்.

பல வருடமாக விட்டுவிட்டவர்களுக்கு

ரத்தப் பரிசோதனை பொதுவாக 3, 6, 12 மாதங்களில், அப்புறம் வருடத்துக்கு ஒரு முறை, வாழ்நாள் முழுக்க. எடை நின்றுவிட்டதும், அல்லது கொஞ்சம் திரும்ப ஏறியதும், சங்கடத்தில் மருத்துவரிடம் போவதையே நிறுத்திவிடுபவர்கள் இருக்கிறார்கள். எடை ஏறினாலும் பைபாஸ் செய்த குடல் அப்படியேதான் இருக்கிறது, பரிசோதனையின் தேவை மாறவில்லை.

ஐந்து வருடமோ பத்து வருடமோ ஆகிவிட்டது, மாத்திரையும் இல்லை, பரிசோதனையும் இல்லை என்றால் முதலில் ரத்தம் கொடுங்கள். கடைக்குப் போய்ப் பெரிய அளவு மாத்திரைகளை வாங்கி ஒரேயடியாக ஈடுகட்டப் பார்க்க வேண்டாம். வைட்டமின் ஏ, டி, இரும்பு ஆகியவை அளவு மீறினால் உடம்பில் தேங்கிக் கெடுதல் செய்யும். அறுவை சிகிச்சை செய்தவரிடமே போக வேண்டும் என்பதும் இல்லை, ஒரு பொது மருத்துவர் போதும். எந்த வகை அறுவை சிகிச்சை, எந்த வருடம், இப்போது எடுக்கும் எல்லா மருந்தும் என்னென்ன என்று எழுதிக்கொண்டு போங்கள். ரத்த அணுக்கள், ஃபெர்ரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பைபாஸ் அல்லது டியோடினல் ஸ்விட்ச் என்றால் வைட்டமின் ஏ, துத்தநாகம், தாமிரம் ஆகியவற்றையும் கேளுங்கள். குறைவு தெரிந்தால் சில காலம் சிகிச்சை அளவில் கொடுப்பார்கள், மறுபடி ரத்தம் பார்த்துவிட்டு வழக்கமான தினசரி அளவுக்கு இறக்குவார்கள். விரல் மரத்துப்போதலோ நடைத் தடுமாற்றமோ ஏற்கெனவே தொடங்கியிருந்தால் வருடாந்தரப் பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே போங்கள்.